தேற்றுகிறவர்களைத் தேற்றுவது யார்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். நம் சபையைச் சேர்ந்த ஓர் இளம் சகோதரி ஆயர் அறையின் வாசலில் வந்து நின்றார். குணமாகாத நோயாளிகளுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் ஓர் இடத்தில் உளவியலாளராகப் பணிசெய்தவர் அவர். "பேலியேட்டிவ் கேர்" என்று நாம் இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அந்தப் பணி. சபையில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "எவ்வளவு பெரிய ஊழியம்!" என்று நாம் வியந்து சொல்வது வழக்கம்.

அன்று அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, இந்த மாசம் பதினோரு பேர் போயிட்டாங்க. அதக்கூடத் தாங்கிக்குவேன். சாயங்காலம் கதவைச் சாத்திட்டு வெளிய வந்தா, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல முடியல ஐயா."

கிளைச் சபையில் எனக்குத் திருவிருந்து ஆராதனை இருந்தது. வண்டி வெளியே காத்திருந்தது. நான் ஒரு வசனத்தைச் சொன்னேன். அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். கர்த்தர் பெலன் தருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லாம் மூன்று நிமிடங்களில் முடிந்தது. ஆறு மாதங்கள் கழித்து அவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பின்தான் இந்தப் பணியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மரிக்கிறவர்களின் அருகில் அமர்கிறவர்களின் மனம் என்னவாகிறது என்ற கேள்வியை இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று அறிய விரும்பினேன். கேட்டிருக்கிறார்கள். அந்தச் சகோதரி ஒரே வாக்கியத்தில் சொன்னதை உலகம் கண்டுபிடிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த வரலாற்றின் ஒரு முனை, என்னைப்போல் இறையியல் படித்த மாணவர்களிடத்தில் இருக்கிறது என்பது எனக்கு வியப்பாயிருந்தது. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், இறையியல் கல்லூரி மாணவர் நால்வர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மனநல மருத்துவரைத் தேடிச் சென்றனர். மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றி அவர்கள் ஆய்வு செய்யவேண்டியிருந்தது. நெருக்கடிகளிலெல்லாம் பெரிய நெருக்கடி மரணமே என்று கருதி, மரிக்கிறவர்களிடமே பேசிக் கற்றுக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள். ஆனால் அவர் வார்டு வார்டாகச் சென்று கேட்டபோது, மரிக்கும் நிலையில் எங்களிடம் யாரும் இல்லை என்றே மருத்துவர்கள் பதில் சொன்னார்களாம். அவ்வளவு பெரிய மருத்துவமனையில் சாகப்போகிறவர் ஒருவரும் இல்லை! மரணத்தைப் பற்றிப் பேச அஞ்சியவர்கள் நோயாளிகள் அல்லர், மருத்துவர்களே.

பின்பு நோயாளிகள் பேச முன்வந்தார்கள். அந்த உரையாடல்களிலிருந்து பிறந்த நூல் 1969இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதில் சொல்லப்படும் துக்கத்தின் ஐந்து நிலைகளை இன்று பலரும் அறிவார்கள். ஆனால் என் கண்ணில் பட்டது வேறொன்று. ஒவ்வொரு உரையாடலும் முடிந்து நோயாளி சென்றபின், மாணவர்களும் மற்றவர்களும் கூடி அமர்ந்து, தங்கள் உள்ளத்தில் எழுந்த அச்சத்தையும் கோபத்தையும் கண்ணீரையும் பேசினார்கள். கேட்டவர்களும் பேசவேண்டும் என்பது அங்கே முதலிலேயே வகுக்கப்பட்டிருந்தது. அதே 1969இல்தான் நம் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவாயிற்று. ஆயர்களாகிய எங்களுக்கு வியாதியஸ்தரைச் சந்திக்கும் முறை கற்பிக்கப்பட்டது. சந்தித்துத் திரும்பியபின் எங்கள் மனதை எங்கே இறக்கிவைப்பது என்பதை நான் கற்றுக்கொள்ளவில்லை.

மற்றொரு முனை லண்டனில் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியாயிருந்தவர். பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானவர். 1948இல், புற்றுநோயால் மரித்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் ஒருவரை அவர் பலமுறை சந்தித்துப் பேசினார். மரிக்கிறவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பேச்சுகளிலேதான் உருவாயிற்று. அவர் தாம் விட்டுச்சென்ற 500 பவுண்டை, அந்த இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று கொடுத்தார். சுவரே இல்லாத வீட்டுக்கு முதலில் ஜன்னல் கிடைத்தது. அம்மையார் அதன்பின் மருத்துவம் படித்து 1957இல் மருத்துவரானார். பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து, 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார்.

மரிக்கிறவரின் வேதனை உடலில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்ப உறவுகளிலும், ஆவியிலும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று அவர் கற்பித்தார். இதிலிருந்துதான் மரணப் படுக்கையின் அருகில் உளவியலாளருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. காலின் முர்ரே பார்க்ஸ் என்னும் மனநல மருத்துவர் அந்த இல்லத்தில் சேர்ந்து, இறந்தவர்களின் குடும்பத்தாருக்குத் துக்க ஆதரவுப் பணியைத் தொடங்கினார். மரித்தவருக்காகத் துக்கிப்பவர் குடும்பத்தார் மட்டும் அல்லரே. வாரக்கணக்கில் அந்தப் படுக்கையருகே அமர்ந்திருந்த பணியாளரும் துக்கிப்பவர்தாம். அவருடைய துக்கத்துக்கு மட்டும் பெயர் இல்லாதிருந்தது.

பெயர் வந்தது 1974இல். நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர், பகலெல்லாம் தம் சொந்த அலுவலகத்தில் நோயாளிகளைக் கண்டு, மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையத்தில் இரவு நெடுநேரம் உழைத்துவந்தார். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவனாய்த் தப்பி வந்த யூதர் அவர். துன்பப்படுகிறவர்கள்மேல் அவருக்கு இருந்த பரிவு பொய்யானதன்று. அந்தப் பரிவே அவரை எரித்தது. தம் உடன் பணியாளர்களிடத்தில் கண்டதையும் தம்மிடத்திலேயே உணர்ந்ததையும் அவர் ஒரு கட்டுரையாக எழுதினார். எண்ணெய் தீர்ந்தபின் திரி கருகுவதுபோல மனம் கருகிப்போகும் அந்த நிலைக்கு "பர்ன் அவுட்" என்ற பெயர் அந்தக் கட்டுரையால்தான் மருத்துவ உலகில் நிலைபெற்றது. இந்த வார்த்தையை நிலைநாட்டியவர் சோர்ந்துபோன ஓர் உளவியலாளர் என்பதை நினைவில் வையுங்கள். சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை. விளக்கு எரிந்தால்தானே திரி கருகும்!

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் உளவியலாளர் இதை அளந்தறியும் வினாப்பட்டியலை உடன் ஆய்வாளரோடு வெளியிட்டார். அதில் மூன்று அடையாளங்கள் உண்டு: உள்ளம் வற்றிப்போதல்; எதிரே இருப்பவரை மனிதராக அல்ல, ஒரு "கேஸ்" ஆகப் பார்க்கத் தொடங்குதல்; நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று எண்ணுதல். 2019இல் உலக சுகாதார நிறுவனமும் தன் நோய் வகைப்பாட்டில் இதைப் பணி சார்ந்த ஒரு நிலையாக விளக்கி எழுதியது. இதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. பழுது மனிதரிடத்தில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். பணியிடத்தையும் பார்க்கவேண்டும் என்கிறது அந்த விளக்கம்.

இனி நான் சொல்லப்போவதே இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. கனடாவின் டொரண்டோ நகரில் மேரி வேஷன் என்னும் அம்மையார், மரிக்கிறவர்களோடும் துக்கிக்கிறவர்களோடும் பணிசெய்கிற ஏறக்குறைய 600 பேரிடம் பேசி, 1987இல் ஒரு நூலை வெளியிட்டார். உங்களை எது அதிகமாய் வாட்டுகிறது என்று விசாரித்த அவருக்குக் கிடைத்த விடை, நாம் எதிர்பார்ப்பது அன்று. மரணங்களைப் பார்ப்பதைவிட, பணிச்சூழலும் உடன் பணியாளரோடுள்ள பிணக்குகளும் தங்கள் பொறுப்பு எதுவரை என்ற தெளிவின்மையுமே அவர்களை அதிகம் வருத்தின. ஒருவரையொருவர் தாங்குகிற நல்ல குழு உள்ள இடங்களில், நாள்தோறும் மரணத்தைப் பார்த்தாலும் மனிதர்கள் நிலைத்து நின்றார்கள்.

"அதக்கூடத் தாங்கிக்குவேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல முடியல." ஆயர் அறை வாசலில் அந்தச் சகோதரி சொன்னது இதுவேயன்றோ? நான் பதினோரு மரணங்களுக்காக ஜெபித்தேன். அவர் சொன்னது தனிமையைப் பற்றி.

இந்தப் பணி நம் நாட்டுக்கு வந்த கதையையும் சுருக்கமாய்ப் பார்ப்போம். 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா என்னும் இல்லம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் மரிக்கும் நோயாளிகளுக்கென்று எழுந்த முதல் இல்லம் அது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கேரளம் இதைப் பெரிய கட்டிடங்களால் கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பயிற்றுவித்து, ஊர் ஊராகத் தன்னார்வலர்களால் கட்டியது. ஒருவர் தோளில் விழவேண்டிய பாரம் நூறு தோள்களில் பகிரப்பட்டது. 2008இல் அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையையே வெளியிட்டது.

ராஜகோபால் தம் இளமைக்கால அனுபவம் ஒன்றைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். புற்றுநோயால் தாளாத வலியோடு வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அவர் ஊசியின் மூலம் வலியை நீக்கினார். ஆனால் அந்த மனிதர், தம் நோய் குணமாகாது என்பதை அன்றைய பேச்சிலிருந்துதான் அறிந்துகொண்டார். வீடு திரும்பியவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உடலின் வலி நீங்கியிருந்தது; மனதின் வலியைக் கேட்க ஒருவரும் இல்லை. நோயாளியின் மனதுக்கும் ஒரு மருத்துவம் வேண்டும் என்பதற்கு இது சாட்சி. அந்தத் துயரத்தை ராஜகோபால் மறைத்துவைக்காமல், மற்றவர்கள் கற்கும்படி வாய்திறந்து சொன்னார் என்பதையும் கவனியுங்கள். சொல்ல ஓர் இடம் கிடைத்த காயம் பிறருக்குப் பாடமாகிறது.

நம் மதுரைக்கு வருவோம். 1834இல் இங்கு வந்த அமெரிக்க மதுரை மிஷன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நிறுவியது நாம் அறிந்ததே. அந்த நாட்களில் வீடு வீடாகச் சென்று பெண்களோடு அமர்ந்து வாசித்தும் ஜெபித்தும் வந்தவர்கள் வேதாகமப் பெண்கள். நோயுற்ற பெண்களின் அருகிலும் அவர்கள் அமர்ந்தார்கள். மிஷன் அறிக்கைகள் அவர்களின் எண்ணிக்கையையும் அவர்களிடம் கற்ற பெண்களின் எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் கணக்கிட்டன. மனதின் கணக்குக்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. அது அந்தக் காலத்தின் குறை மட்டும் அன்று. ஊழியம் செய்கிறவர் சோரக்கூடாது என்ற எண்ணம் நம்மிடத்தில் இன்னும் இருக்கிறது.

இன்றோ மனநல மருத்துவத்தில் நம் நகரம் பின்தங்கியது அன்று. 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இங்கே மனநலப் பணி செய்துவருகிறது. தீராத நோயில் இருப்பவர்களுக்கான இல்லங்களும் இந்தச் சுற்று வட்டாரத்தில் எழுந்திருக்கின்றன. 2021 ஆகஸ்ட் மாதத்தில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால், படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீட்டு வாசலுக்கே வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரும் வருகிறார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆயினும் வீடு தேடி வரும் இந்த மூவரில் உளவியலாளர் இல்லை. மனதின் பாரத்தைச் செவிலியே சுமக்கிறார். உளவியலாளர் இருக்கிற இடங்களிலோ, பெரும்பாலும் அவர் ஒருவரே இருக்கிறார்.

அந்த ஒருவரின் நாளை எண்ணிப்பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்து ஏறி வந்த குடும்பம் அவர் அறைக்குள் வருமுன், மூத்த மகன் வாசலிலேயே அவரைத் தடுத்து, "அம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மனசு விட்ருவாரு" என்கிறார். உள்ளே அந்த அப்பாவோ, "எனக்குத் தெரியும்மா, பிள்ளைககிட்ட சொல்லிராதீங்க" என்கிறார். இரண்டு பக்கத்து இரகசியமும் ஒரே நெஞ்சில் இறங்குகிறது. மருத்துவருக்கு மருந்து இருக்கிறது. செவிலிக்குக் கட்டவேண்டிய புண் இருக்கிறது. உளவியலாளருக்குத் தம் காதும் மனமுமே கருவி. அந்தக் கருவி தேய்ந்தால் மாற்று இல்லை. கேட்டதை வீட்டில் சொல்ல அவருடைய தொழில் நெறி இடங்கொடாது. நாற்பது நாள் பேசிப் பழகிய ஒருவர் இரவில் மரித்துவிட்டால், காலையில் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். அடக்கத்துக்குச் செல்ல அவருக்கு விடுப்பு இல்லை, ஏனெனில் இறந்தவர் அவருக்கு உறவு அல்லர்.

வலியைத் தணிக்க மருந்து கிடைக்காத இடத்தில் இந்தப் பாரம் இரட்டிப்பாகும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் உரிம விதிகளால், மார்ஃபின் மருந்து நோயாளிகளுக்குக் கிடைப்பது நம் நாட்டில் மிகவும் அரிதாயிற்று. 2014இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. வலியால் அலறுகிறவருக்கு எந்த ஆலோசனையைச் சொல்ல முடியும்? செய்யவேண்டியது இன்னதென்று அறிந்தும் செய்ய இயலாமல் நிற்பது ஒரு தனி வேதனை. அதற்கு அறவேதனை என்று பெயரிடலாம்.

பல நாடுகளில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அனுபவமுள்ள உளவியலாளராயினும் தம்மிலும் மூத்த ஒருவரிடம் குறித்த நாட்களில் சென்று, தாம் கேட்டவற்றையும் அவை தம்மை என்ன செய்தன என்பதையும் சொல்வார். அதை மேற்பார்வை என்பார்கள். கண்காணித்துக் குறை காண்பது அதன் நோக்கம் அன்று. செவிகொடுப்பதே அதன் நோக்கம். நம் ஊரில் படிக்கும் காலத்தில் அது கிடைக்கிறது. வேலையில் சேர்ந்தபின் பல இடங்களில் அது நின்றுபோகிறது.

இந்த வரலாற்றைப் படித்தபின் நான் 1 ராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்று விரும்பிய எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவும் இல்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். தூங்கவிட்டார். மறுபடியும் போஜனம் கொடுத்தார். பின்பு, என்ன செய்கிறாய் என்று கேட்டு அவன் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டார், அதுவும் இருமுறை. தான் ஒருவனே மீந்திருப்பதாக எலியா இரண்டுதரம் முறையிட்டான். அவன் பாரம் யேசபேல் மட்டும் அன்று, தனிமையும்தான். தேவன் கொடுத்த விடையில் எலிசா என்னும் ஒரு துணையும், இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்ற செய்தியும் இருந்தன. நானோ அன்று அப்பத்தையும் தூக்கத்தையும் கேள்வியையும் துணையையும் விட்டுவிட்டு, நேரே வசனத்துக்குப் போய்விட்டேன்.

பிரியமானவர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இந்தப் பணியில் இருக்கிற ஒருவரைக் கண்டால், "எப்படித்தான் தாங்குறீங்களோ" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடாதிருங்கள். கேட்டால், பதிலுக்காக நில்லுங்கள். நோயாளியின் கதையைக் கேட்காதிருங்கள். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் தீராத நோயாளி இருந்தால், உண்மையை மறைக்கும் பாரத்தைப் பிறர்மேல் வைக்காதிருங்கள். உங்களில் மருத்துவமனை நிர்வாகக் குழுக்களிலும் அறக்கட்டளைகளிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஓர் உளவியலாளரை நியமிக்கும்போது அவருக்குச் செவிகொடுக்கும் ஒருவரையும் சேர்த்து நியமியுங்கள். ஒரு மரணத்துக்குப்பின் அவர் சற்று அமர்ந்து எழ நேரம் கொடுங்கள்.

இந்தப் பணியில் இருக்கிற நீங்கள் இதை வாசித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கம் போய்விட்டதா, காரணமின்றி கோபம் வருகிறதா, யாருடைய துன்பமும் உங்களைத் தொடாமல் போகிறதா? அது அவிசுவாசம் அன்று. நீங்கள் தகுதியற்றவர் என்பதும் அன்று. மருத்துவரை நாடத் தயங்காதிருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கிறது. பிறரை அதற்கு அழைக்கச் சொன்ன நீங்களே அழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தச் சகோதரியைப் பின்பு வீட்டில் போய்ச் சந்தித்தேன். நான் செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று இரண்டு மணி நேரம் அவர் பேசினார். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. இப்போது அவர் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறார். பழைய பணிக்குத் திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

ஆனால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில், அதே பணியில் இருக்கிற மூன்று பேரை அவர் நம் ஆலய வளாகத்தின் சிறிய அறையில் கூட்டுகிறார். மூவரும் நம் சபையார் அல்லர். ஒருவர் கிறிஸ்தவரும் அல்லர். கதவு சாத்தியிருக்கும். நான் உள்ளே செல்வதில்லை. நாலு டம்ளர் தேநீரும் கொஞ்சம் சுண்டலும் அனுப்பிவைக்கிறேன். ஆயராக நான் செய்கிற பணிகளில் அதுவும் ஒன்று என்று இப்போது அறிந்திருக்கிறேன்.

சகல ஆறுதலின் தேவன் பிறரை ஆற்றுகிறவர்களுக்கு ஆறுதலாயிருப்பாராக. அந்த ஆறுதல் சென்று சேரும் வழியாக நம்மையும் வைப்பாராக. ஆமென்.